ஃபெடோரா போட்டா நாம டெஸ்டிங் எலியா? புதுசா லினக்ஸ் பக்கம் வர்றவங்களுக்கு

பெங்களூர்ல எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் எந்த டீக்கடைல நின்னாலும் லினக்ஸ் பத்தி ஒரு தீர்ப்பு ஓசில கிடைச்சுடும். அதுவும் ஃபெடோராங்கற லினக்ஸ் வகை பத்தி பேச்சு வந்துட்டா போதும். ஒருத்தர் "அது ரெட் ஹாட்டோட பீட்டா ப்ரோ, நம்மள வெச்சு டெஸ்ட் பண்ணிட்டு கம்பெனிக்காரங்களுக்கு காசுக்கு வித்துருவாங்க"ம்பாரு, இன்னொருத்தர் "ஆர்ச் மாதிரிதான், தினம் அப்டேட் வரும், தினம் உடையும்"ம்பாரு, மூணாவது ஆள் "லினக்ஸ உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸே அதத்தான் யூஸ் பண்றாரு, கண்ண மூடிட்டு போடு"ன்னு முடிச்சுடுவாரு. இத கேட்டுட்டு மடிவாளா பிஜி ரூம்ல உக்காந்து, எஸ்.பி. ரோட்ல வாங்கின செகண்ட் ஹேண்ட் லேப்டாப்ப தொறந்து வெச்சுட்டு, "அண்ணா எதுண்ணா போடறது"ன்னு ராத்திரி பதினோரு மணிக்கு மெசேஜ் அனுப்பற ஜூனியர் பசங்களுக்காகத்தான் இத எழுதறேன்.

ரெட் ஹாட்ங்கறது லினக்ஸ கம்பெனிகளுக்கு விக்கற ஒரு அமெரிக்க கம்பெனி, பீட்டான்னா ஃபைனலுக்கு முன்னாடி சோதிச்சுப் பாக்க விடற வெர்ஷன். மூணு பேர் சொல்றதுலயும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கு. அதனாலதான் குழப்பமே. முழுப் பொய்யா இருந்தா எப்பவோ செத்துப் போயிருக்கும்.

டிஸ்ட்ரோ என்ன வேலை பாக்குது

லினக்ஸ்ங்கறது சரியா சொன்னா கெர்னல் மட்டும்தான், அதாவது ஹார்டுவேருக்கும் மத்த ப்ரோக்ராம்களுக்கும் நடுவுல நின்னு மெமரி, டிஸ்க், வைஃபை எல்லாத்தையும் பங்கு போட்டுக் குடுக்கற அடிப்படை சாஃப்ட்வேர். அத மட்டும் வெச்சு ஒரு பாட்டு கூட கேக்க முடியாது. டெஸ்க்டாப்ப எழுதறது ஒரு டீம், சவுண்டுக்கு இன்னொரு டீம், பிரவுசருக்கு வேற டீம், உலகம் பூரா சிதறிக் கிடக்கறாங்க. இப்படி ஒவ்வொரு சாஃப்ட்வேரையும் ஆரம்பத்துல எழுதற டீமத்தான் அப்ஸ்ட்ரீம்னு சொல்றாங்க. அந்த ஆயிரக்கணக்கான அப்ஸ்ட்ரீம்கள்லருந்து சரக்க எடுத்து, ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போற மாதிரி கட்டி, இன்ஸ்டால் பண்ற ரூபத்துல நம்ம கைல குடுக்கறது டிஸ்ட்ரோ. ஃபெடோரா, உபுண்டு, டெபியன், ஆர்ச் எல்லாமே இந்த வேலையத்தான் பாக்குது.

எல்லாரும் கிட்டத்தட்ட அதே சரக்கதான் எடுக்கறாங்க, அப்ப வித்தியாசம் எங்கன்னா, அப்ஸ்ட்ரீம்ல ஒரு புது வெர்ஷன் வந்ததும் எவ்ளோ சீக்கிரம் எடுக்கறாங்க, எடுத்தத எவ்ளோ நாள் மாத்தாம வெச்சிருக்காங்க, இந்த ரெண்டு கேள்விலதான் இருக்கு. வால்பேப்பரும் லோகோவும் இல்ல.

ஒரு ஓரத்துல டெபியன் ஸ்டேபிள், ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் மாதிரி ஆளுங்க. ரெண்டாவது பேரு நீளம், பீல்டுல எல்லாரும் ரெல்-னுதான் சொல்வாங்க, நானும் அப்படியே சொல்றேன். இவங்க ஒரு வெர்ஷன எடுத்துட்டா அதோட பூட்டிடுவாங்க. அஞ்சு வருஷம் கழிச்சு அதுல ஒரு செக்யூரிட்டி ஓட்டை கண்டுபிடிச்சா கூட புது வெர்ஷனுக்குப் போக மாட்டாங்க, புது வெர்ஷன்ல இருக்கற அந்த ரிப்பேர மட்டும் வெட்டி எடுத்து பழைய வெர்ஷன்ல ஒட்டுவாங்க. இதுக்குப் பேரு பேக்போர்ட். இன்னொரு ஓரத்துல ஆர்ச் மாதிரி ரோலிங் டிஸ்ட்ரோ, அதாவது வெர்ஷன் நம்பரே கிடையாது, அப்ஸ்ட்ரீம்ல வர வர இங்கயும் வந்துட்டே இருக்கும்.

ஃபெடோரா நடுவுல நிக்குது, ஆனா சரியா நடுவுல இல்ல, ஆர்ச் பக்கமா ஒரு காலத் தூக்கி வெச்சுட்டு நிக்குது. சுமார் ஆறு மாசத்துக்கு ஒரு ரிலீஸ், பொதுவா ஏப்ரல், அக்டோபர் வாக்குல. ஒவ்வொரு ரிலீஸுக்கும் சுமார் 13 மாசம் ஆதரவு. ஒரு ரிலீஸுக்குள்ள டெஸ்க்டாப் மாதிரி பெரிய விஷயங்க பெருசா மாறாது, ஆனா கெர்னல் மட்டும் புதுசு புதுசா வந்துட்டே இருக்கும்.

இதுவரைக்கும் உள்ளத சுருக்கமா பிடிச்சுக்கோங்க: டிஸ்ட்ரோங்கறது அப்ஸ்ட்ரீம் சரக்க கட்டிக் குடுக்கற இடம், டெபியனும் ரெல்லும் பூட்டி வெக்கும், ஆர்ச் ஓடிட்டே இருக்கும், ஃபெடோரா ஆறு மாசத்துக்கு ஒரு தடவ நின்னு மூச்சு வாங்கிட்டு ஓடும்.

அல்சூர் மெஸ்ஸும் கல்யாண காண்ட்ராக்டும்

சரி, ரெட் ஹாட்டுக்கும் ஃபெடோராவுக்கும் என்ன உறவு? அல்சூர்ல ஒரு தமிழ்க்காரர் மெஸ் நடத்தறாருன்னு வெச்சுக்குவோம். மத்தியானம் சாப்பாடு, ராத்திரி டிபன். அதோட கல்யாண சமையல் காண்ட்ராக்டும் எடுக்கறாரு, உண்மையான வருமானம் அதுலதான். ஆயிரம் பேர் பந்தில உக்கார்ற இடத்துல புதுசா ஒரு ஐட்டத்த இறக்கி ரிஸ்க் எடுப்பாரா? மாட்டாரு. பொண்ணு வீட்டுக்காரங்க பொளந்து கட்டிருவாங்க. அதனால கல்யாண மெனு கிட்டத்தட்ட மாறவே மாறாது. புது ஐட்டம் எதுவா இருந்தாலும் முதல்ல அடுப்படில மாஸ்டரும் பசங்களும் செஞ்சு தின்னு பாப்பாங்க, உப்பு கூட, காரம் கம்மி, ஒரு நாள் அடி பிடிச்சுடும், அதெல்லாம் வெளிய வராது. தேறினதும் மெஸ் மெனுல ஏறும். மெஸ்ல மாசக்கணக்குல ஓடி, இது கல்யாணத்துக்குத் தாங்கும்னு தெரிஞ்சதும்தான் காண்ட்ராக்ட் லிஸ்ட்ல போகும்.

மெஸ்ல சாப்பிடறவன் எலியா? அவன் சாப்பிடறது முழுச் சாப்பாடு, வெந்தது, ருசி பாத்தது. மத்தவங்களுக்கு முன்னாடி புது ஐட்டம் அவன் இலைல விழுது, அவ்ளோதான். அவன் "ஏங்க, இதுல கொஞ்சம் புளி கம்மி பண்ணுங்க"ன்னு சொன்னா அது கல்யாண மெனு வரைக்கும் போகுது, அதுவும் நிஜம். இன்னொண்ணு, மெஸ்ல போடற எல்லாமே கல்யாணத்துக்குப் போறதும் கிடையாது.

அடுப்படிய ராஹைட்னு, அதாவது ஃபெடோராவுக்குள்ள புதுசு முதல்ல வந்து விழற டெவலப்மெண்ட் கிளைன்னு வெச்சுக்கோங்க, மெஸ் ஃபெடோரா, கல்யாண காண்ட்ராக்ட் ரெல். உவமைய இதோட விட்டுடறேன், இதுக்கு மேல இழுத்தா கிழிஞ்சுடும், ஏன்னா ஃபெடோரால சமைக்கறவங்கள்ல பெரிய பங்கு முதலாளிகிட்ட சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், எந்த மெஸ்லயும் அது நடக்காது.

2003-ல என்ன ஆச்சு

ஒரு காலத்துல ரெட் ஹாட் லினக்ஸ்னு ஒரே ஒரு சாமான்தான் இருந்துச்சு. வீட்டுலயும் அதான், ஆபீஸ் சர்வர்லயும் அதான். கம்ப்யூட்டர் பத்திரிகையோட ஓசியா வர்ற சிடிலருந்து போட்டுப் பழகின தலைமுறை இன்னும் ஒயிட்ஃபீல்டுல மேனேஜரா உக்காந்திருக்கு, கேட்டுப் பாருங்க. கம்பெனிக்காரங்களுக்கு அது சரிப்படல. டேட்டாபேஸ் ஓட்டறவனுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவ எல்லாம் மாறினா வயித்தக் கலக்கும். வீட்டுல வெச்சிருக்கறவனுக்கோ புதுசு வேணும். ஒரே சாமான வெச்சுட்டு ரெண்டு பேரையும் திருப்தி பண்ண முடியல.

அதனால ரெட் ஹாட் ரெண்டாப் பிரிச்சாங்க. 2003 மார்ச்சுல வந்த ரெட் ஹாட் லினக்ஸ் 9-தான் அந்த வரிசைல கடைசி. காசு குடுத்து வாங்கற, பல வருஷம் மாறாத ரெல் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் 2003 நவம்பர்ல ஃபெடோரா கோர் 1, ஓசி, வேகமா மாறும், வெளி ஆளுங்களும் கை வெக்கலாம். ஃபெடோராங்கற பேரு அதுக்கு முன்னாடியே ஹவாய் பல்கலைக்கழகத்துல வாரன் டோகாமிங்கற மாணவர் ரெட் ஹாட் லினக்ஸுக்கு எக்ஸ்ட்ரா பேக்கேஜ் கட்டறதுக்குத் தொடங்கின ப்ராஜெக்ட்டோட பேரு, அத அப்படியே சேத்துக்கிட்டாங்க. பேக்கேஜ்னா ஒரு சாஃப்ட்வேர இன்ஸ்டால் பண்றதுக்கு வசதியா கட்டி வெச்ச மூட்டை.

ஆரம்ப காலத்துல கோர்-ங்கற பகுதிய ரெட் ஹாட் ஆளுங்க மட்டும்தான் தொட முடியும், வெளி ஆளுங்க எக்ஸ்ட்ராஸ்-ங்கற பகுதிய பாத்துக்கணும்னு ஒரு வேலி இருந்துச்சு. 2007-ல ஃபெடோரா 7 வந்தப்போ அந்த வேலியப் பிடுங்கிட்டாங்க, பேர்ல இருந்த கோர்-ம் அதோட போச்சு. "ரெட் ஹாட்டோட பீட்டா"ங்கற பேச்சு அந்த வேலி இருந்த காலத்துலதான் முளைச்சு வேர் விட்டிருக்கும்னு நினைக்கறேன். வேலி போயி இத்தன வருஷமாச்சு, பேச்சு மட்டும் போகல.

ராஹைட்லருந்து ரிலீஸ் வரைக்கும்

இப்ப உள்ள நடக்கற மெக்கானிசம். இத புரிஞ்சுக்கிட்டா டீக்கடை தீர்ப்புல பாதிக்கு நீங்களே பதில் சொல்லிடுவீங்க.

ராஹைட்ங்கறது ஃபெடோராவோட எப்பவும் ஓடிட்டே இருக்கற டெவலப்மெண்ட் கிளை. பேக்கேஜ் கட்டறவங்க புது வெர்ஷன முதல்ல இங்கதான் போடுவாங்க. ரிலீஸுக்கு சில மாசம் முன்னாடி ராஹைட்லருந்து ஒரு கிளைய வெட்டி தனியா எடுப்பாங்க, உதாரணத்துக்கு 40. ராஹைட் பாட்டுக்கு 41-அ நோக்கி ஓடும், வெட்டி எடுத்த 40-ல புதுசு சேக்கறத படிப்படியா நிறுத்திட்டு ரிப்பேர் மட்டும் பண்ணிட்டு வருவாங்க. அதுலருந்து ஒரு பீட்டா வரும், ஆமா, ஃபெடோராவுக்கே தனியா ஒரு பீட்டா உண்டு, அதுக்கப்புறம்தான் ஃபைனல். ஃபெடோராவே பீட்டான்னா ஃபெடோரா பீட்டாங்கறது என்ன, பீட்டாவோட பீட்டாவா? இந்தக் கேள்விய அடுத்த தடவ கேட்டுப் பாருங்க.

ஃபைனல் வெளிய போகணும்னா எந்தெந்த விஷயம் வேலை செஞ்சே ஆகணும்னு எழுதி வெச்ச லிஸ்ட் ஒண்ணு இருக்கு. இன்ஸ்டாலர் டிஸ்க்க சரியா பிரிக்கணும், டெஸ்க்டாப் வரணும், அப்டேட் பண்ண முடியணும், இப்படி. அதுல ஒண்ணு உடைஞ்சிருந்தாலும் அந்த பக் ப்ளாக்கர், அதாவது ரிலீஸயே நிறுத்தற தகுதி உள்ள பக். போலாமா வேணாமான்னு ஒரு மீட்டிங் போடுவாங்க, ப்ளாக்கர் இருந்தா வழக்கமா தேதி தள்ளிப் போகும். 2022-ல ஃபெடோரா 37-அ, நெட்ல போற டேட்டாவ பூட்டிக் குடுக்கற ஓபன்எஸ்எஸ்எல்-ல ஒரு பெரிய செக்யூரிட்டி ரிப்பேர் வரப்போகுதுன்னு தெரிஞ்சதும், வரட்டும்னு காத்திருந்து நவம்பர் 15-க்குத் தள்ளிட்டாங்க. நம்ம ஆபீஸ்ல ஸ்பிரிண்ட் முடியுதுன்னு தெரிஞ்ச பக்கோடயே ப்ரொடக்‌ஷனுக்குத் தள்ளற கூத்தப் பாத்த யாருக்கும் இது பொறாமையா இருக்கும்.

ரிலீஸுக்கு அப்புறம் வர்ற அப்டேட்டும் நேரா நம்ம மெஷினுக்கு வராது. முதல்ல டெஸ்டிங்னு ஒரு தனி வரிசைல உக்காரும், விரும்பறவங்க அத போட்டுப் பாத்து நல்லாருக்கு, இல்லன்னு ஓட்டு போடுவாங்க, போதுமான ஓட்டு விழணும், இல்லன்னா குறிப்பிட்ட நாள் எந்தப் புகாரும் இல்லாம கழியணும், அப்புறம்தான் எல்லாருக்கும். எலியா இருக்கணும்னு ஆசைப்படறவங்களுக்கு ஃபெடோரால தனி வாசலே இருக்கு. ராஹைட் ஒண்ணு, இந்த டெஸ்டிங் வரிசை ஒண்ணு. சாதாரணமா இன்ஸ்டால் பண்ற நமக்கு ரெண்டுமே ஆஃப்ல இருக்கும்.

இந்த ஏற்பாடு எவ்ளோ தாங்கும்னு 2024 மார்ச் 29-ல தெரிஞ்சுது. எக்ஸ்ஸெட்ங்கற ஃபைல் சுருக்கற சின்ன சாஃப்ட்வேருக்குள்ள, ரொம்ப நாள் கூடவே இருந்து நம்பிக்கை சம்பாதிச்ச ஒரு ஆளு கள்ளக் கதவு வெச்சிருந்தாரு. தூரத்து மெஷினுக்குள்ள நெட் வழியா போற எஸ்எஸ்ஹெச் லாகின் அரை செகண்ட் லேட்டாகுதேன்னு சந்தேகப்பட்டு நோண்டி அத கண்டுபிடிச்சவர் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட், மைக்ரோசாஃப்ட்ல வேலை பாக்கற போஸ்ட்கிரஸ்ங்கற டேட்டாபேஸோட டெவலப்பர். அந்த வெர்ஷன் அதுக்குள்ள ராஹைட்ல நுழைஞ்சிருந்துச்சு, ரிலீஸுக்குத் தயாராகிட்டிருந்த 40-லயும் எட்டிப் பாத்துடுச்சு. ஆனா அப்ப மக்கள் யூஸ் பண்ணிட்டிருந்த 38, 39-ல இல்ல. ரெல்-ல எந்த வெர்ஷன்லயும் இல்ல. ராஹைட் வெச்சிருந்தவங்கள உடனே நிறுத்தச் சொல்லிட்டு, 40-ல பழைய வெர்ஷனுக்குத் திரும்பிட்டாங்க. கண்டுபிடிச்சதுல அதிர்ஷ்டமும் உண்டு, அத மறைக்கல. ஆனா விஷம் அடுப்படிலயே மாட்டுச்சுன்னா அதுக்கு அந்த சில மாச இடைவெளிதான் காரணம்.

மறுபடி சுருக்கம்: ராஹைட் எப்பவும் ஓடும், அதுலருந்து ஆறு மாசத்துக்கு ஒரு கிளை வெட்டி, ஆறப்போட்டு, ப்ளாக்கர் லிஸ்ட்ட பாத்துட்டுதான் ரிலீஸ். நாம போடறது அந்த ரிலீஸத்தான்.

முதல்ல வர்றதுன்னா எப்படி முதல்ல

ஃபெடோரா தனக்குன்னு நாலு வார்த்தை வெச்சிருக்கு: ஃப்ரீடம், ஃப்ரெண்ட்ஸ், ஃபீச்சர்ஸ், ஃபர்ஸ்ட். கடைசி வார்த்தைலதான் அதோட பேரும் இருக்கு, கெட்ட பேரும் இருக்கு.

சிஸ்டம்டி-ய எடுத்துக்குவோம். மெஷின் ஆன் ஆனதும் எந்தெந்த சர்வீஸ எந்த வரிசைல ஸ்டார்ட் பண்ணணும்னு பாத்துக்கற ப்ரோக்ராம் அது. 2011 மே மாசம் ஃபெடோரா 15-ல டீஃபால்டா வந்துச்சு, அதே ரிலீஸ்ல டெஸ்க்டாப்பையே தலைகீழா மாத்தின க்னோம் 3-ம் வந்துச்சு, ரெண்டையும் ஒரே நேரத்துல இறக்கினது தைரியமா திமிரான்னு இன்னிக்கும் சண்டை போடலாம். ரெல் 7-ல சிஸ்டம்டி வந்தது 2014 ஜூன்ல. டெபியனும் உபுண்டுவும் 2015 ஏப்ரல்ல. இன்னிக்கு இந்த ஊர்ல எந்த கம்பெனில சர்வர் பக்கம் இன்டர்வியூக்குப் போனாலும் சிஸ்டம்டி பத்தி ஒரு கேள்வி வந்துடும். அத நாலு வருஷம் முன்னாடியே திட்டிட்டே கத்துக்கிட்டவங்க ஃபெடோரா ஆளுங்க.

வேலண்ட் கதை இன்னும் இழுபறி. ஸ்கிரீன்ல விண்டோஸ்களை வரையறதுக்கு பல வருஷமா எக்ஸ்-னு ஒரு பழைய ஏற்பாடு இருந்துச்சு, அதுல ஒரு ஆப் இன்னொரு ஆப்ல நீங்க டைப் பண்றத ஒட்டுக்கேக்க முடியும். அத மாத்த வந்தது வேலண்ட். ஃபெடோரா 25, 2016 நவம்பர்ல, டீஃபால்ட் ஆக்கிடுச்சு. உபுண்டு 17.10-ல, அதாவது 2017 அக்டோபர் வெர்ஷன்ல (அவங்க நம்பரே வருஷமும் மாசமும்தான்), முயற்சி பண்ணிட்டு, அடுத்த 18.04-ல பழையதுக்கே திரும்பி, 21.04-லதான் மறுபடி வந்துச்சு. ஃபெடோரா பின்வாங்கல, ஆனா அதுக்கு விலை இருந்துச்சு, மீட்டிங்ல ஸ்கிரீன் ஷேர் பண்ணா எதிர்ல இருக்கறவங்களுக்கு கறுப்பா தெரியும், ரொம்ப நாளைக்கு பல ஆப்ல அது சரியாகல. "ஃபெடோரா உடையும்"னு சொல்றவங்கள்ல பல பேர் அந்தக் காலத்துல அடிபட்டவங்க. அவங்க சொல்றது பொய் இல்ல.

ஆனா அந்த ஸ்கிரீன் ஷேர் பிரச்சினைய தீத்து வெச்சது எதுன்னு பாத்தா பைப்வயர்னு ஒண்ணு, ரெட் ஹாட்ல வேலை பாக்கற விம் டேமன்ஸ் ஆரம்பிச்சது, வீடியோவையும் சவுண்டையும் ஒரே குழாய்ல அனுப்பற மாதிரி. அதுவும் முதல்ல ஃபெடோரால வந்து, 2021 ஏப்ரல்ல 34-ல சவுண்டுக்கும் டீஃபால்ட் ஆச்சு. உபுண்டுல சவுண்டுக்கு அது டீஃபால்ட் ஆனது 22.10-ல.

இங்கதான் ஃபெடோராவோட வேலை என்னன்னு எனக்குத் தெளிவா தெரியுது. அப்ஸ்ட்ரீம் ஆளு தன் லேப்டாப்ல ஓடுதுன்னு சொல்றதுக்கும், சாதாரண மனுஷன் ஆபீஸ் வேலைக்கு நம்பி வெக்கறதுக்கும் நடுவுல ஒரு பெரிய பள்ளம் இருக்கு. எல்லாரும் "முதல்ல வேற யாராவது இறங்கட்டும்"னு நின்னா அந்தப் பள்ளம் மூடவே மூடாது, வேலண்ட் இன்னும் டெமோவாத்தான் இருந்திருக்கும். ஃபெடோரா இறங்குது, பக் ரிப்போர்ட் குவியுது, அத சரி பண்றது பெரும்பாலும் அப்ஸ்ட்ரீம்லயே நடக்குது, தன் பேக்கேஜ்ல மட்டும் ஒட்டுப்போட்டு மறைச்சுக்கறது அங்க கெட்ட பழக்கம். அதனால அதே ரிப்பேர் உபுண்டுக்கும் போகுது, ஆர்ச்சுக்கும் போகுது. ஃபெடோராவ வாழ்க்கைல தொடாதவனும் அதோட பலன அனுபவிக்கறான்.

அப்ப ரெல் எங்கருந்து வருது

ரெட் ஹாட் ஒரு கட்டத்துல ஒரு ஃபெடோரா ரிலீஸ எடுத்து, அதுலருந்து அடுத்த ரெல்ல செதுக்க ஆரம்பிப்பாங்க. ரெல் 7 ஃபெடோரா 19-லருந்து, ரெல் 8 ஃபெடோரா 28-லருந்து, ரெல் 9 ஃபெடோரா 34-லருந்து, 2025 மே மாசம் வந்த ரெல் 10 ஃபெடோரா 40-லருந்து. நடுவுல இருக்கற ரிலீஸெல்லாம் நேரா ரெல் ஆகறது கிடையாது. எடுத்தப்புறமும் ஒரு வருஷத்துக்குப் பக்கமா பட்டறைல வெச்சு, பாதி பேக்கேஜுக்கு மேல கழிச்சுட்டு, சர்டிஃபிகேஷன் அது இதுன்னு முடிச்சுதான் விக்கறாங்க.

நடுவுல சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம்னு ஒரு படி இருக்கு, ரெல்லோட அடுத்த சின்ன அப்டேட் எப்படி இருக்கும்னு முன்னாடியே காட்டற டிஸ்ட்ரோ. முன்ன சென்ட்ஓஎஸ் லினக்ஸ்னு ஒண்ணு ரெல்லோட ஓசி நகலா இருந்துச்சு, அதோட 8-ம் வெர்ஷன் 2029 வரைக்கும் இருக்கும்னு நம்பிட்டிருந்தவங்களுக்கு 2020 டிசம்பர்ல, இல்ல 2021 கடைசியோட முடிச்சுக்கறோம்னு அறிவிச்சாங்க. அந்தக் கோவத்துலதான் ராக்கி லினக்ஸும் ஆல்மா லினக்ஸும் பொறந்துச்சு. அந்தக் கோவம் நியாயம்தான். ஆனா அதோட சேத்து ஃபெடோராவையும் இழுத்து "ஐபிஎம் வாங்கினதுலருந்து எல்லாம் போச்சு"ன்னு பேசறது வேற கணக்க இதுல கலக்கறது. ஐபிஎம் ரெட் ஹாட்ட 2019 ஜூலைல வாங்கினது உண்மை. அதுக்கப்புறமும் ஃபெடோரா ஆறு மாசத்துக்கு ஒண்ணு வந்துட்டுதான் இருக்கு.

ரெட் ஹாட்டோட பிடி இல்லவே இல்லன்னு சொல்ல வரல. பணம், சர்வர், முக்கியமான பல இன்ஜினியர்கள், ட்ரேட்மார்க் எல்லாம் அவங்களோடது. ஆனா வெறும் பீட்டான்னா ரெல்லுக்கு வேண்டாத எதையும் ஃபெடோரா செய்யக் கூடாதில்ல? செய்யுது. 2020 அக்டோபர்ல ஃபெடோரா 33-ல டெஸ்க்டாப்புக்கு பிடிஆர்எஃப்எஸ்-ங்கற ஃபைல் சிஸ்டம டீஃபால்ட் ஆக்கினாங்க, அதாவது டிஸ்க்ல ஃபைல எப்படி அடுக்கி வெக்கறதுங்கற முறை. ரெல் அதுக்கு முன்னாடியே, 8-ம் வெர்ஷன்லயே, அத தூக்கிப் போட்டாச்சு. கேடிஇ டெஸ்க்டாப்பையும் ரெல் 8-ல கைவிட்டாங்க, ஃபெடோராவோ 2025 ஏப்ரல்ல வந்த 42-ல கேடிஇ-ய க்னோமுக்கு சமமா முன்வரிசைல உக்கார வெச்சுது.

எஸ்.பி. ரோடு லேப்டாப்புக்கே வருவோம். மூணாம் ஜெனரேஷன் ஐ5 வாங்கிருந்தீங்கன்னா ரெல் 10 அதுல ஓடாது, ஏவிஎக்ஸ்2-ங்கற வசதி உள்ள ப்ராசஸர் கேக்கும், அது நாலாம் ஜெனரேஷன்லருந்துதான். ஃபெடோரா அதே மெஷின்ல ஓடும். பீட்டா ஓடுது, ஒரிஜினல் ஓடல!

கெட்ட பேருல எது நியாயம்

வேலண்ட் பத்தி சொல்லிட்டேன். அதுக்கு முன்னாடி 2007-ல ஃபெடோரா 8-ல சவுண்ட பாத்துக்கற பல்ஸ்ஆடியோ வந்தப்பவும் சவுண்டு பண்ணின அட்டகாசம் பழைய ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும். இன்ஸ்டாலர புதுசா எழுதறேன்னு இறங்கி ஃபெடோரா 18 இழுத்துக்கிட்டே போயி 2013 ஜனவரிலதான் வந்துச்சு, வந்தப்பவும் டிஸ்க் பிரிக்கற ஸ்கிரீன் யாருக்கும் புரியல.

இப்ப புதுசா வர்றவங்க அதிகம் முட்டிக்கறது ரெண்டு இடத்துல. ஒண்ணு என்விடியா கம்பெனியோட கிராபிக்ஸ். அவங்க டிரைவரோட முக்கியமான பகுதி ஒவ்வொரு புது கெர்னலுக்கும் மறுபடி கம்பைல் ஆகணும், அதாவது எழுதின கோடு மெஷின் ஓட்டற ரூபத்துக்கு மாறணும், ஃபெடோரால கெர்னல் அடிக்கடி மாறும், கம்பைல் முடியறதுக்குள்ள அவசரப்பட்டு ரீஸ்டார்ட் பண்ணா ஸ்கிரீன் வராம நிக்கும். நல்லவேளை, ஃபெடோரா வழக்கமா மூணு கெர்னல வெச்சிருக்கும், பூட் மெனுல பழையத தேர்ந்தெடுத்து உள்ள போயிடலாம். வெறும் இன்டெல், ஏஎம்டி கிராபிக்ஸ்னா இந்தத் தலைவலியே இல்ல.

இன்னொண்ணு வீடியோ கோடெக், அதாவது வீடியோவ சுருக்கி விரிக்கற முறை. பல கோடெக் அமெரிக்கால பேட்டண்ட்ல இருக்கு, ரெட் ஹாட் அமெரிக்க கம்பெனி, அதனால ஃபெடோரா அதையெல்லாம் உள்ள வெக்காது. ஒரு காலத்துல எம்பி3 பாட்டே ஓடாது, 2016-17 வாக்குல பேட்டண்ட் காலாவதியாகற நேரத்துலதான் அது உள்ள வந்துச்சு. இப்பவும் சில வீடியோ மொக்கையா ஓடும், இல்ல சிபியு சூடாகும். ஆர்பிஎம் ஃப்யூஷன்னு வெளில ஒரு தனி களஞ்சியம் இருக்கு, அத சேத்துட்டா என்விடியா டிரைவரும் கோடெக்கும் கிடைக்கும். இன்ஸ்டால் பண்ணின அன்னிக்கே இத செஞ்சுடுங்க. இதுல எதுவும் உடைஞ்சதுன்னு அர்த்தம் இல்ல, சட்டப் பிரச்சினைக்காக வேணும்னே விட்டு வெச்ச ஓட்டை, ஆனா புதுசா வர்ற ஆளுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும்.

லினஸ் யூஸ் பண்றாருங்கறது உண்மைதான், அவரே சொல்லிருக்காரு. ஆனா அந்த மனுஷன் கெர்னல தானே கம்பைல் பண்ணி ஓட்டற ஆளு, அவர் சாப்பிடறத வெச்சு நம்ம வயித்துக்கு முடிவு பண்ண வேணாம்.

யாருக்கு, எப்படி

கோடு எழுதற லேப்டாப்புக்கு, புது மாடல் மெஷினுக்கு, வேலைல ரெல் சர்வர் பாக்கறவங்களுக்கு ஃபெடோரா பொருத்தம். புது மெஷின்ல வைஃபை, டச்பேட் வேலை செய்யறது பெரும்பாலும் கெர்னல் எவ்ளோ புதுசுங்கறதுல இருக்கு. ரெல் பாக்கறவங்களுக்கு கமாண்ட் ஒண்ணுதான், ஃபைல் இருக்கற இடம் ஒண்ணுதான், எஸ்இலினக்ஸ் தடுக்கறதும் ஒரே மாதிரி தடுக்கும். எஸ்இலினக்ஸ்னா எந்த ப்ரோக்ராம் எதத் தொடலாம்னு கெர்னலே காவல் காக்கற ஏற்பாடு, புரியலன்னு ஆஃப் பண்ணிடாதீங்க.

வருஷக்கணக்குல யாரும் கிட்ட போகாத சர்வருக்கு வேணாம். காலேஜ் லேபுக்கு வேணாம். ஊர்ல அப்பாவுக்கு போட்டுக் குடுத்துட்டு நீங்க பெங்களூர்ல இருக்கப் போறீங்கன்னா அதுக்கும் நான் டெபியன்தான் சொல்வேன். அங்கல்லாம் ஃபெடோரா க்ராஷ் ஆகிடும்னு பயம் இல்ல, 13 மாசத்துல ஆதரவு முடிஞ்சு செக்யூரிட்டி அப்டேட் நின்னு போயிடும், அத கவனிச்சு மேல ஏத்த ஆள் இருக்க மாட்டாங்க. ஃபெடோரா உங்ககிட்ட கேக்கற விலை காலண்டர்ல இருக்கு.

அந்த விலையையும் குறைக்க வழி இருக்கு. புது ரிலீஸ் வந்த அன்னிக்கே பாயணும்னு கட்டாயம் இல்ல, ஒரு ரிலீஸ தாண்டி அதுக்கடுத்ததுக்கு நேரா போறதுக்கும் ஆதரவு உண்டு. ஆக வருஷத்துக்கு ஒரு அப்கிரேட் போதும். அக்டோபர் கடைசில வர்ற ரிலீஸ்ல இருந்தீங்கன்னா அடுத்த வருஷம் அதே சமயம் வர்றதுக்குத் தாவணும், புதுசு வந்து சுமார் நாலு வாரம் வரைக்கும் பழசுக்கு ஆதரவு ஓடும். தீபாவளிக்கு ஊருக்குப் போயிட்டு வந்து ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்தா சரியா இருக்கும், முதல்ல முக்கியமான ஃபைல எல்லாம் வெளி டிஸ்க்ல காப்பி பண்ணிட்டு, என்விடியா இருந்தா ஆர்பிஎம் ஃப்யூஷன் பக்கம் புது ரிலீஸுக்கு டிரைவர் வந்துடுச்சான்னு பாத்துட்டு, சார்ஜர சொருகிட்டு ஆரம்பிங்க. டவுன்லோட் உங்க பிஜி வைஃபை பொறுத்தது, அதுக்கப்புறம் ரீஸ்டார்ட் ஆகி இன்ஸ்டால் ஓடும்போது மெஷின் பக்கமே போகாதீங்க.